ஆட்டோடாக் வினாவை ஓராண்டு ஓட்டிப் பார்த்தேன்: பேர்தான் வினா, விடையை வேறெங்கோ தேட வேண்டும்

முதலில் ஒன்று, இது காசு கொடுத்து வாங்கிய பொருள் இல்லை. ஒரு மூலக்கூறு இன்னொன்றில் எங்கே, எப்படி ஒட்டும் என்று கணக்கிடும் இலவச மென்பொருள்தான். இலவசத்துக்கு எதற்கு விமர்சனம் என்றால், இதை நம்பி நான் முழித்திருந்த இரவுகளுக்கெல்லாம் மின்சாரக் கட்டணம் கட்டியது அப்பா, அந்தக் கடனையாவது எழுதித் தீர்க்கலாமே என்றுதான். அப்புறம் போன மாதம் மட்டும் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அக்கா, மெட்டல் காம்ப்ளெக்ஸுக்கு வினா போதுமா?" மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

நான் இருப்பது மலேசியாவில் பீடோங். சுங்கை பட்டாணியைத் தாண்டி வடக்கே வந்தால் குனோங் ஜெராய் எதிரே நிற்கும், சுற்றிலும் ரப்பர் தோட்டம், நடுவில் ஒரு சின்னப் பட்டணம். பக்கத்தில் சுங்கை பத்துவில் பழங்காலத்து இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அதனால் உலோகம் எங்கள் பக்கத்துக்குப் புதிசில்லை என்று நான் வேண்டுமென்றே பெருமை பேசுவதுண்டு. அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். நான் பகலில் டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டு பகுதி நேரமாக வேதியியலில் முதுகலை செய்கிறேன். தலைப்பு, தாமிர அணைவுச் சேர்மங்கள் கிருமியைக் கொல்லுமா என்பது. அணைவு என்றால் நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்ட மூலக்கூறுகள்; மெட்டல் காம்ப்ளெக்ஸ் என்பதும் அதுதான். இதை அப்பாவிடம் முதல் தடவை சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "செம்பா? செம்பு பட்டா ஷீட்டு பிசுபிசுன்னு போயிரும்னு கிராணி எங்கள அந்தத் திட்டு திட்டுவாரே, அதுலயா மருந்து செய்யப் போற?" அவர் சொன்னது உண்மைதான். தாமிரம் சேர்ந்தால் ரப்பர் ஆக்சிஜனோடு வேகமாக வினைபுரிந்து கெட்டுவிடும். அந்தச் சுறுசுறுப்பை வைத்துத்தான் கிருமியையும் கெடுக்கலாம் என்று இத்தனை பேர் ஆசைப்படுகிறோம்.

சரி, பொருளுக்கு வருவோம். வினாவை எழுதியவர்கள் அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓலெக் ட்ராட், ஆர்தர் ஓல்சன் இருவரும். அதைப் பற்றிய கட்டுரை 2010-இல் வந்தது, 1.2 பதிப்பு 2021-இல் வந்தது. என்ன செய்யும் என்றால், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது காடியின் பின்பக்கத்தில் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவோமே, அதேபோல ஒரு சின்ன மூலக்கூறை ஒரு பெரிய புரதத்தின் இடுக்கிலோ டி.என்.ஏ.வின் பள்ளத்திலோ ஆயிரம் விதமாகத் திருப்பிச் செருகிப் பார்த்து, நன்றாக உட்கார்ந்த ஒன்பது நிலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிலோ கலோரியில் ஒரு மதிப்பெண் போட்டுக் கொடுக்கும். மதிப்பெண் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவுக்கு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அதன் வேலை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. என்னிடம் இருப்பது நாலு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி, விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாது, அதிலும் இது ஓடுகிறது. நிரல் சில எம்பி அளவுதான். பதிவு, கடவுச்சொல், பதினைந்து நாள் சோதனை என்று எந்தத் தொல்லையும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓட ஆரம்பித்து, சுழியத்திலிருந்து நூறு வரை அளவுகோல் போல ஒரு கோடு போட்டு, அதன் கீழே நட்சத்திரக் குறிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போகும், அந்த நட்சத்திரங்கள் வலது ஓரத்தைத் தொடுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, கோப்பி-ஓ ஆறிப் போவதுகூடத் தெரியாது. பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். தேடும் பெட்டியை, அதாவது எந்த இடத்துக்குள் செருகிப் பார்க்க வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுக்கும் பெட்டியை, பெரிதாகப் போட்டுவிட்டால், பக்கத்துக்கு 30 ஆங்ஸ்ட்ராமை (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தாண்டி 27,000 கன ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போனால், "பெட்டி பெரிது" என்று அதுவே எச்சரிக்கும். இந்த ஒரு எச்சரிக்கையை மதித்திருந்தாலே என் முதல் இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

சாதாரண கரிம மூலக்கூறுக்கு, அதாவது கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவை மட்டும் உள்ள மருந்துகளுக்கு, இதைவிட மலிவான சல்லடை கிடையாது, சந்தேகமே இல்லை. வம்பு உலோகத்தில் ஆரம்பிக்கிறது.

என் சேர்மம் ரொம்பச் சாதாரணமானது. சாலிசிலால்டிஹைடையும் அனிலீனையும் எத்தனாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் வாதுமை வாசனை மெல்ல அடங்கி மஞ்சள் படிகம் கிடைக்கும், அதுதான் ஷிஃப் காரம். ஹியூகோ ஷிஃப் என்பவர் 1864-இலேயே சொல்லிவிட்ட வினை, இன்னும் உலகம் முழுக்க முதுகலை மாணவர்களுக்குச் சோறு போடுகிறது. அதில் தாமிர அசிடேட் கரைசலை ஊற்றினால் பழுப்பாக மாறும், இரண்டு ஈனிகள் (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறுக்கு அதுதான் பெயர், இங்கே அந்த ஷிஃப் காரம்) ஒரு தாமிர அணுவை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். இந்தப் பழுப்புத் தூளின் வடிவத்தைத்தான் வினாவுக்குள் விட்டேன். உடனே பிழைச் செய்தி, இந்த அணு வகை செல்லாது என்று. ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், கோப்பில் தாமிரத்தின் குறி இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. முதல் எழுத்து பெரிது, இரண்டாவது சிறிது என்று மாற்றியதும் ஓடிவிட்டது. தவறு என்னுடையதுதான், செய்தியிலேயே பெரிய எழுத்து சின்ன எழுத்து கவனம் என்று போட்டிருக்கிறது, யார் படித்தார்கள்.

ஓடிவிட்டது என்பதற்காக அது தாமிரத்தைப் புரிந்துகொண்டது என்று நினைத்துவிடக் கூடாது, நான் நினைத்தேன். வினாவுக்குத் தாமிரம், கோபால்ட், நிக்கல், பாதரசம் எல்லாம் ஒரே ஜாதி, 'உலோகம்' என்று ஒரு பொதுப்பெயர், அதை ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன உருண்டையாக நடத்துகிறது. மின்சுமையைக் கணக்கில் எடுப்பதே இல்லை, நீங்கள் இராப்பகலாக உட்கார்ந்து கணக்கிட்டுப் போட்டாலும் கண்டுகொள்ளாது. ஆக நான் தாமிரத்தை எடுத்துவிட்டு நிக்கலை வைத்தால், வடிவம் அப்படியே இருக்கும்பட்சத்தில், மதிப்பெண்ணில் வித்தியாசம் வரக் காரணமே இல்லை. ஆனால் படிவம் ஆறு பிள்ளைக்குக்கூடத் தெரியும், நிக்கலைவிடத் தாமிரம் ஈனிகளை இறுக்கமாகப் பிடிக்கும், இர்விங்-வில்லியம்ஸ் வரிசை என்று மனப்பாடம் செய்திருப்பார்கள்.

அடுத்தது மதிப்பெண். டி.என்.ஏ.வுக்கு எல்லாரும் எடுக்கிற அதே பன்னிரண்டு இணைக் கட்டமைப்பை, தரவு வங்கியில் 1பி.என்.ஏ. என்ற எண்ணில் இருப்பதை, நானும் எடுத்தேன். ஈனி மட்டும் தனியாக -6.5, தாமிரம் சேர்ந்த அணைவு -8.9. குதித்தேன். "உலோகம் சேர்ந்ததால் ஒட்டும் திறன் கூடியது" என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன், இப்படி எழுதாத கட்டுரையே இந்தத் துறையில் இல்லை என்பது வேறு கதை. அப்புறம் ஒரு மழை நாளில் இணையம் போய்விட, வேறு வேலையில்லாமல் அணுக்களை எண்ணினேன். ஹைட்ரஜனை விட்டுவிட்டால் ஈனியில் 15 அணுக்கள். அணைவில் 31. வினா மாதிரியான கருவிகளில் மூலக்கூறு பெரிதானாலே மதிப்பெண் ஏறும், தொடும் இடம் அதிகம் அல்லவா. அணுவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஈனிக்கு 0.43, அணைவுக்கு 0.29. கூடவில்லை, குறைந்திருக்கிறது. அந்தப் பத்தியை அழிக்கும்போது கை நடுங்கியது என்று சொன்னால் மிகை, ஆனால் வயிறு கொஞ்சம் கலங்கியது நிஜம்.

இதிலும் ஒரு விஷயம், வினாவின் மதிப்பெண்ணில் வரக்கூடிய திட்டப்பிழை சுமார் 2.85 கிலோ கலோரி என்று அதைச் செய்தவர்களே முதல் கட்டுரையில் நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். அறை வெப்பத்தில் 1.36 கிலோ கலோரி என்பது ஒட்டும் திறனில் பத்து மடங்கு. அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேல். -8.9-ஐயும் -8.4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது சிறந்தது, அது இரண்டாவது என்று வரிசைப்படுத்துவது, அரிசி நிறுக்கும் தராசில் தாலிக்குப் பொன் நிறுக்கிற வேலை. தராசின் மேல் குற்றமில்லை.

எனக்கு இது மண்டையில் ஏறியது கணினி முன்னால் இல்லை. பெரியம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றும்போது கூடப் போயிருந்தேன். முதலில் ஒரு பெரிய பை உப்புத் தண்ணீர் மாட்டினார்கள், மருந்தையும் உப்புத் தண்ணீரிலேயே கலந்து ஏற்றினார்கள், முடிந்தபின் மறுபடி ஒரு பை. பெரியம்மா அலுத்துக்கொண்டார், "மருந்த விடத் தண்ணிதான் அதிகமா ஏறுது." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, கம்ப்யூட்டர்ல மருந்து கண்டுபிடிக்கிறியாமே, வாந்தி வராத மாதிரி ஒண்ணு கண்டுபிடிக்கக் கூடாதா?" என்றார். நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையத் தண்ணீர் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காப்பாற்ற, அது தெரிந்ததுதான். ஆனால் மருந்தைக் கலப்பதற்கு ஏன் உப்பு நீரே வேண்டும் என்பதில்தான் அந்த மருந்தின் வேதியியல் மொத்தமும் இருக்கிறது. சிஸ்பிளாட்டினில் ஒரு பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு, எல்லாம் சேர்த்து 11 அணுக்கள்தான். சுற்றிலும் குளோரைடு நிறைய இருந்தால் அது தன் குளோரைடைக் கழற்றாது. இரத்தத்தில் குளோரைடு சுமார் 100 மில்லிமோலார் இருப்பதால் அங்கேயும் பெரும்பாலும் கழற்றாமல் போகும், செல்லுக்குள் நுழைந்ததும் குளோரைடு சுமார் 4 முதல் 20 வரை இறங்கிவிடும், அங்கேதான் குளோரைடு விலகித் தண்ணீர் வந்து உட்காரும், பிறகு அந்தத் தண்ணீரையும் தள்ளிவிட்டு டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் நேரடியாகப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இரண்டு குவானினைப் பிடித்து டி.என்.ஏ.வையே வளைத்துவிடும். அம்மோனியாவும் குளோரைடும் பக்கம் பக்கமாக இல்லாமல் எதிரெதிராக இருந்தால், அதே 11 அணுக்கள்தான், மருந்தாக வேலைக்கு ஆகாது.

இப்போது இதே சிஸ்பிளாட்டினை வினாவிடம் கொண்டுபோனால்? பட்டியலில் பிளாட்டினமே இல்லை, வாசலிலேயே நிறுத்திவிடும். ரூத்தேனியத்துக்கும் அதே கதி. சிலர் பிளாட்டினத்தின் பெயரை வேறு உலோகத்தின் பெயராக மாற்றி உள்ளே தள்ளுவார்கள். அப்படித் தள்ளினாலும் பிணைப்பு முறிவதும் புதிதாகப் போடுவதும் வினாவுக்குத் தெரியாத சங்கதி, அது உட்கார வைத்துத்தான் பார்க்கும். உலகத்தில் மிக அதிகம் பயன்படும் உலோக மருந்துகளில் ஒன்றை இந்தச் சல்லடையில் சலித்தால் குப்பையோடு போயிருக்கும். நல்லவேளை, அதைக் கண்டுபிடித்தது சல்லடை இல்லை. 1844-இல் மிக்கேலே பெய்ரோனே இந்தச் சேர்மத்தைச் செய்து வைத்தார், யாருக்கும் என்ன உபயோகம் என்று தெரியவில்லை. மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் மின்புலத்தில் ஈ-கோலை பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்று பார்க்கப் போய், பாக்டீரியா பிரியாமல் இழை இழையாக நீண்டு 300 மடங்கு வரை போயிருக்கிறது. காரணம் மின்சாரமில்லை, பிளாட்டினம் மின்முனை கரைந்திருக்கிறது. அது 1965. அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1978-இல். கொஞ்சம் சாதுவான கார்போபிளாட்டின் 1989-இல் வந்தது, பெரியம்மா கேட்ட வாந்தி குறைவான தம்பி அதுதான், ஆனால் அது இரத்த அணுக்களைக் குறைத்து வேறு விதத்தில் படுத்தும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, "பாக்கறேன் பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.

என் பழுப்புத் தூள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வட்டத்தாள் சோதனை செய்தோம், 6 மில்லிமீட்டர் வட்டத்தாளில் கரைசலைச் சொட்டி கிருமி பூசிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) மேல் வைத்து ஒரு ராத்திரி 37 டிகிரியில் வைத்தால், கிருமி வளராத வட்டம் தெரியும், அதன் விட்டத்தை அளப்பது. எனக்கு 11 மில்லிமீட்டர். மகிழ்ச்சிதான், ஆனால் வட்டத்தாளே 6 மில்லிமீட்டர் என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும், அதோடு பக்கத்தில் வெறும் தாமிர அசிடேட்டை வைத்த தாளில் 10 வந்திருந்தது. அதாவது நான் ஆறு மாதம் செய்த வேலைக்கு ஒரு மில்லிமீட்டர். வெறும் உப்பை வைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் நானும் "சிறந்த எதிர்ப்பாற்றல்" என்று எழுதியிருப்பேன். இன்னொன்று, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் எல்லாரும் சோதிக்கிறோம், எதையும் கரைக்கும், ஏர்கான் பலமாக இருக்கும் ஆய்வுக்கூடத்தில் 18.5 டிகிரியில் உறைந்து பல்லைக் காட்டும், அது வேறு. அதுவே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியது. சிஸ்பிளாட்டினை அதில் கரைத்தால் கரைப்பான் போய் பிளாட்டினத்தில் உட்கார்ந்து மருந்தை மருந்தில்லாமல் ஆக்கிவிடும். என் தாமிரத்தை அது என்ன செய்தது என்று நான் இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். இணையவழி பயிற்சி வகுப்பு ஒன்று, இரண்டு நாள், 180 வெள்ளி, சான்றிதழோடு. பேர் வேண்டாம். முதல் நாள் முழுக்க மென்பொருளைப் பதிவிறக்கவே போய்விட்டது, இரண்டாம் நாள் "எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு நல்ல மருந்து" என்று ஒரு வாக்கியம், பிறகு வண்ண வண்ணமாகப் படம் எடுப்பது எப்படி என்று மூன்று மணி நேரம். உலோகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு "அப்படியே போடலாம்" என்று பதில். அந்தப் பணத்துக்கு வினாவின் கையேட்டை நீங்களே ஒரு வாரம் படித்துவிட்டு மிச்சத்துக்கு ரொட்டி சானாய் சாப்பிடலாம், கையேடு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது.

சரி, உலோகச் சேர்மம் செய்கிறவர் இதை என்னதான் செய்வது? தூக்கிப் போட வேண்டாம். தாமிரம் மாதிரி நான்கு பக்கமும் ஈனியால் நன்றாக மூடிய, கழன்று வராத அணைவு என்றால், அது எந்த இடுக்கில் நுழையும், எதில் இடிக்கும் என்று வடிவத்தைப் பார்க்க வினா போதும். எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பாருங்கள். வடிவத்தை மட்டும் நல்ல இடத்திலிருந்து எடுங்கள், எக்ஸ்ரே படிக அமைப்பு இருந்தால் அதுவே முதல் தேர்வு, இல்லையென்றால் ஆர்கா போன்ற குவாண்டம் கணக்கு மென்பொருள் கல்வித் துறையினருக்கு இலவசம், என் 51 அணுக்களுக்கு அந்தக் கணக்கு ஒரு ராத்திரிக்கு மேல் ஓடியது, மின்விசிறிச் சத்தத்தில் அம்மா இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தார். பிளாட்டினமோ ரூத்தேனியமோ என்றால் உலோகத்துக்கென்றே 2023-இல் வந்த மெட்டல்டாக் பக்கம் போங்கள், அது முதலில் குவாண்டம் கணக்குப் போட்டு மின்சுமையை எடுத்துக்கொண்டு பிறகுதான் பொருத்திப் பார்க்கும், என் மடிக்கணினிக்குப் பாரம், உங்களுடையது தாங்கலாம். எதுவானாலும் முதல் வேலை, ஏற்கெனவே மருந்தோடு சேர்ந்து படிகமான ஒரு கட்டமைப்பை எடுத்து, மருந்தை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே செருகச் சொல்லுங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து உட்காரவில்லை என்றால் மேற்கொண்டு ஓட்டிப் பிரயோசனமில்லை. ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள், அது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் ஆரம்பிக்கும், மூன்று தடவையாவது ஓட்டுங்கள்.

என் மதிப்பெண்: கரிம மூலக்கூறுக்கு ஐந்துக்கு நாலரை. உலோகத்துக்கு இரண்டு, அதுவும் இலவசம் என்பதற்காக.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி விடாதீர்கள், கறுப்புத் திரையில் மேற்கோள் குறி போட மறந்தால் வழி தெரியாமல் முழிக்கும். எங்கள் ஊர் மாதிரி நாலு மணி ஆனால் இடி இடிக்கிற ஊரில் இருப்பவர்கள் நீண்ட கணக்கைக் காலையிலேயே போட்டுவிடுங்கள், எனக்கு மின்சாரம் போய் பதினோரு மணி நேர ஓட்டம் ஒருமுறை காற்றோடு போனது. கேட்ட மூன்று பேரும் உங்கள் அமைப்புக் கோப்பை அனுப்புங்கள், பெட்டி அளவை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எனக்கு டியூஷன்.